பவுடர் அக்கா பிடித்த கசிவு

பவுடர் அக்கா முகத்துக்குப் பவுடர் போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் வாங்குகிற டப்பா அத்தனையும் லாரிகளின் அடிவயிற்றுக்குத்தான் போகிறது. எங்கள் நகராட்சிப் பணிமனையில் எந்த வண்டியில் எண்ணெய் கசிந்தாலும், அதன் அடிப்பக்கத்தைக் கழுவி, காயவைத்து, குழந்தைக்குப் போடுகிற பவுடரை எடுத்துத் தூவிவிட்டு, வண்டியை ஓடவிட்டுப் பார்ப்பாள். அந்த வெள்ளையில் எந்த இடத்தில் முதலில் ஈரம் தெரிகிறதோ அந்த இடத்தில்தான் ஸ்பேனரை வைப்பாள். அப்படி வந்த பேர் அது. என்னைவிட ஐந்து வயது சின்னவள். ஆனாலும் பணிமனைக்கே அவள் அக்கா, எனக்கும் அக்கா. அவள் என்னை அண்ணே என்பாள். இது என்ன முறை என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

நான் குப்பை லாரி ஓட்டுகிறவன். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்திருக்கிறேன், என் கையில் இருந்த எந்த வண்டிக்கும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், என்னிடம் வேறு என்ன இருக்கிறது? ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது அந்த ஒரு பெருமைக்கும் வேட்டு வைக்கிற மாதிரி ஒரு காகிதம் வந்தது.

கொடுத்தவர் பணிமனை மேலாளர். வாயால் சொல்லக்கூடியதையும் தாளில் எழுதி நீட்டுகிறவர் என்பதால் எங்களுக்கு அவர் மெமோ சார். நான் கவனக்குறைவாகக் கல்லில் ஏற்றியதால் வண்டியின் கியர்பெட்டி அடித்தட்டு வளைந்து எண்ணெய் கசிகிறதாம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வுக் குழு வருமாம். அதற்குள் கசிவு நிற்கவில்லை என்றால் என்னை ஓட்டுநர் வேலையிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் போடுவார்களாம். அதாவது கடைசி எட்டு மாதமும் நான் கேட்டைத் திறந்து விட, வேறொருத்தன் என் வண்டியை ஓட்டிக்கொண்டு போவான். 

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்னால் வந்தது. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அந்தக் கியர்பெட்டிக்குள் சிவப்பாக ஒரு எண்ணெய் ஓடும். ஒன்றரை மாதமாக வண்டி நிற்கிற இடமெல்லாம் சிவப்புச் சொட்டு. மெமோ சார் வெளியாளை வைத்து அடித்தட்டைச் சுற்றிக் கசியாமல் வைக்கிற பேக்கிங்கை இரண்டு தடவை மாற்றிவிட்டார். இரண்டு தடவையும் நான்கே நாளில் திரும்பவும் சொட்டு. பேக்கிங் புதுசு, ஆகவே தட்டுதான் வளைந்திருக்க வேண்டும், வளைத்தது நான்தான் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டார்.

அதே வண்டியை ஓட்டுகிறவன் நான் மட்டுமா? காலை ஐந்திலிருந்து பத்து வரை நான். மதியம் மூன்றிலிருந்து எட்டு வரை என் சம்பந்தி. ஆமாம், சொந்தச் சம்பந்தி. என் மகனுக்கு அவருடைய மகளைத்தான் கட்டியிருக்கிறது. கல்யாணமான ஆறாம் மாதம் பிள்ளைகள் இரண்டும் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. தூண்டிவிட்டது அவர் என்று நான் சொன்னேன். விரட்டிவிட்டது நான் என்று அவர் சொன்னார். அதோடு போச்சு, பதினோரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன், அவர் வந்து எடுத்துக்கொள்வார். முதல் சொட்டு காலையில் என் ஷிப்டில் தெரிந்ததால் மெமோ எனக்கு மட்டும். அவருக்கு அரை வரிகூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். ஒரு தண்ணீர் லாரிக்கு அடியிலிருந்து அவளுடைய பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

"அக்கா, வெளிய வா. என் கதை முடிஞ்சுது."

"கதை முடிஞ்ச ஆளு நடந்து வந்து சொல்வாங்களா? இருங்கண்ணே, ஒரே ஒரு நட்டு."

வெளியே வந்து, கையைத் துடைத்து, காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தாள். எழுத்துக் கூட்டுகிற மாதிரி உதடு அசைந்தது.

"தட்டு வளைஞ்சிருக்குன்னு யாரு பார்த்தது?"

"மெமோ சார்தான்."

"அவரு கீழ படுத்துப் பார்த்தாரா?"

"அவரு போட்டிருக்கிறது வெள்ளைச் சட்டை, அக்கா."

"அப்ப அவரு பார்க்கல." காகிதத்தை மடித்து என் பையிலேயே செருகினாள். "வண்டியைக் கொண்டாங்க. அழுக்கோட இருக்கிற வண்டிகிட்ட எதைக் கேட்டாலும் பொய்தான் சொல்லும். முதல்ல குளிப்பாட்டணும்."

அவள் இப்படிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பணிமனைக்கு வந்த புதிதில் அவள் மெக்கானிக் இல்லை, வண்டி கழுவுகிறவள். பதினோரு வருடம் கழுவுகுழிக்குள் நின்று, தலைக்கு மேலே வரிசையாக வந்து நிற்கிற வண்டிகளின் அடிப்பக்கத்தைக் கழுவியிருக்கிறாள். மேலே நின்று பேசுகிற எங்களுக்கு வண்டியின் முகம்தான் தெரியும். அவளுக்கு அடிவயிறு அத்தனையும் அத்துப்படி. ஒரு நாள் பெரிய மெக்கானிக் ஒருவர் என்ஜினின் அடித்தட்டைக் கழற்றப் போக, "சார், எண்ணெய் மேல இருந்து இறங்குது, நான் தினமும் கழுவுறேன், எனக்குத் தெரியும்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், மறைப்பானேன். இரண்டு நாள் கழித்து அவர்கள் கழற்றி மாட்டியும் நிற்காத கசிவு, அவள் காட்டிய இடத்தில் நின்றது.

அதற்குப் பிறகு மெக்கானிக் தேர்வு எழுதக் கிளம்பினாள். கை வேலையில் முழு மதிப்பெண், எழுத்தில் இரண்டு முறை தோல்வி. அவளுடைய வீட்டுக்காரர் வீட்டிலேயே தைக்கிற டெய்லர். அவர் மிஷினை மிதித்துக்கொண்டே கேள்விகளை உரக்கப் படிக்க, அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பதில் சொல்லிச் சொல்லி, மூன்றாவது முறை தேறினாள். பணிமனையில் ஒருத்தர் விடாமல் மிட்டாய் கொடுத்தாள். அவள் விட்டுக் கொடுத்து நான் பார்த்தது கிடையாது. உடும்புப்பிடி என்பார்களே, அது.

அன்றைக்கு என் வண்டியைக் குழிமேல் ஏற்றி, எண்ணெய்ப் பிசுக்கு கரைகிற மருந்தை அடித்து, தண்ணீரைப் பீய்ச்சி, காற்றுக் குழாயால் ஈரத்தை விரட்டி, கடைசியில் கந்தலால் மூலை மூலையாகத் துடைத்தாள். இரண்டு மணி நேரம் போயிற்று. அடித்தட்டு பளிச்சென்று வெளியே வந்தது. ஒரு நசுங்கலும் இல்லை, ஒரு கீறலும் இல்லை. போனை எடுத்து நான்கு பக்கமும் படம் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தியா அக்கா! கல்லில ஏத்தினேனாம், கல்லில! நான் போய்..."

"கத்தாதீங்க. தட்டு நல்லா இருக்கு, சரி. எண்ணெய் எங்கேயோ இருந்து வருதுல்ல?"

பவுடர் தூவினாள். அரை மணி நேரம் நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டாள். ஒன்றுமில்லை. "நிக்கிற வண்டிக்கு என்ன கஷ்டம்? வாங்க, ரோட்டுல போவோம்" என்று என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மேட்டுச் சாலையில் இரண்டு முறை ஏற்றி இறக்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, கண்ணாடித் துண்டும் டார்ச்சுமாகக் கீழே போனாள். கியர்பெட்டியிலிருந்து எண்ணெயைக் குளிரவைக்கக் கொண்டுபோகிற ஹோஸ் ஒன்றில், அதன் இரும்புப் பூண் நெரிந்த இடத்தில், வெள்ளைக்கு நடுவே மிளகு அளவு சிவப்பு.

நான் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். "கிடைச்சுது!"

"ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றாள்.

"ஒண்ணுதானே இருக்கும்?"

"மிளகு அளவு கசிவு தட்டு முழுக்க நனைக்குமா அண்ணே? ஒன்றரை மாசமா பின்பக்கம் வரைக்கும் ஊறிக் கிடக்குது."

புது ஹோஸ் போட்டாள். எண்ணெயை ஊற்றி, மறுபடி ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக்கம்பியை உருவிப் பார்த்து, கோட்டுக்குச் சரியாக நிறுத்தினாள். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

இனிமேல் சொல்லப்போவது எனக்கே அசிங்கம். ஆனாலும் சொல்லாமல் விட்டால் அக்காவைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்ததும், முப்பது வருடப் பழக்கமாக, கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. திக்கென்றது. நேற்றுச் சாயங்காலம் சரியாக இருந்தது இன்றைக்குக் குறைந்திருக்கிறது என்றால் கசிவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? அக்காவிடம் சொன்னால் எழுதுவாள், எழுதினால் மெமோ சார் பார்ப்பார், பார்த்தால் எனக்கு வாசல் கேட்டுதான். சீட்டுக்குப் பின்னால், தலைத்துண்டில் சுற்றி ஒரு பெரிய பாட்டில் சிவப்பு எண்ணெய் வைத்திருந்தேன். போன மாதம் ஸ்டோரில் கொடுத்ததில் மிச்சம். அரை லிட்டர் ஊற்றினேன். கோட்டுக்கு வந்தது. ஒன்றரை மாதமாக நான் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

அன்று காலை வண்டி சுக்கு மாதிரிக் காய்ந்து வந்தது, ஒரு சொட்டு இல்லை. புதன்கிழமை காலையும் கம்பி குறைவாகவே காட்டியது. மறுபடி அரை லிட்டர். பத்து மணிக்குத் திரும்பி வந்து குழிமேல் நிறுத்தினால், அடித்தட்டின் விளிம்பு முழுக்கச் சிவப்பு.

மெமோ சாருக்கு எப்படித்தான் மூக்கு வியர்த்ததோ, இரண்டே நிமிடத்தில் வந்து நின்றார். "ஹோஸ் மாத்தியாச்சுல்ல? அப்புறம் இது என்ன? நான் சொன்ன தட்டுதான். பவுடர் பூசுறதை நிறுத்திட்டு அடுத்த வண்டியைப் பாரும்மா."

"சார், வெள்ளிக்கிழமை பதினொரு மணின்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க" என்றாள் அக்கா. "இன்னும் நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல இருக்குது. அதுவரைக்கும் இது என் வண்டி."

அவர் போன பிறகு தண்ணீர்க் குழாயை எடுத்தாள். மறுபடியும் முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தாள். அவளுக்கு வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது, குழிக்குள் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவாள். அன்றைக்கு அவள் எத்தனை முறை இறங்கி ஏறினாள் என்று எண்ணவில்லை. எனக்குப் பார்க்கவே தாங்கவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. முன்னறையில் ஜன்னலோரம் தையல் மிஷின், பக்கத்தில் வெட்டிப் போட்ட துணி மலை. டெய்லர் மாமா அவளுடைய வேலைப் பேண்டுக்குப் பவுடர் டப்பா அளவில் ஒரு பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்கத் தைல வாசனை.

"எல்லாம் என் சம்பந்தி வேலைதான் அக்கா" என்று ஆரம்பித்தேன். "அவரு சாயங்காலம் எடுத்துட்டுப் போய் என்னமோ பண்றாரு. என்னை மாட்டி விடணும்னே பண்றாரு. வேற யாரு?"

"அவரு ஒரு நாளும் வண்டியை முறுக்கி ஓட்டினதில்ல. உங்களுக்கே தெரியும்."

"அப்ப பிசாசா பண்ணுது?"

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "அண்ணே, ஒண்ணு கேக்கிறேன். கோவிச்சுக்கக் கூடாது. திங்கக்கிழமை நான் அளந்து விட்டதுக்கப்புறம் நீங்க எண்ணெய் ஏதாவது ஊத்தினீங்களா?"

அவளுக்கு என்ன தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரியவில்லை. ஊற்றினேன் என்றால் எண்ணெய் குறைந்தது என்று ஒப்புக்கொண்ட மாதிரி. கேட்டு, வாசல், எட்டு மாதம், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

"சத்தியமா இல்லக்கா."

தையல் மிஷின் சத்தம் நின்றது. மாமா கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்கா தைலப் புட்டியின் மூடியைத் திருகினாள். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். நான் சாப்பிடவில்லை. எந்த வாயால் சாப்பிடுவது?

வியாழக்கிழமை காலை கம்பியைப் பார்த்தேன், கை தானாகவே பாட்டிலுக்குப் போயிற்று, ஊற்றினேன். அக்கா பாதி வழியில் ஏறிக்கொண்டாள். இந்த முறை அடிப்பக்கத்துக்கு மட்டுமல்ல, கியர்பெட்டியின் தலைக்கும் பவுடர் அடித்திருந்தாள். அங்கே கை நுழையாது. ஒரு நீளக் குழாயின் முனையில் பவுடரை வைத்து வாயால் ஊதி அடித்திருக்கிறாள். மேட்டை மூன்று முறை ஏறினோம். திரும்பி வந்ததும் கண்ணாடித் துண்டை ஒரு கம்பியில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தவள், என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

கியர்பெட்டியின் உச்சியில் ஒரு சின்ன மூடி, அது உள்ளே இருக்கும் காற்று வந்து போகிற வழி. எண்ணெய் வர வேண்டிய இடமே இல்லை. அதன் வாயிலிருந்து நுரைநுரையாகச் சிவப்பு வழிந்து, பக்கவாட்டில் இறங்கி, பின்பக்கமாகச் சுற்றி, அடித்தட்டின் விளிம்பில் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மூச்சு விடுற வழியில எண்ணெய் வருதுன்னா, உள்ள தேவைக்கு மேல இருக்குதுன்னு அர்த்தம்" என்றாள். "சூடாகும்போது எண்ணெய் பெருகும். அளவா இருந்தா இடம் இருக்கும். அதிகமா இருந்தா உள்ள சுத்துற சக்கரம் எல்லாம் அதை அடிச்சு நுரையாக்கி மேல தள்ளிடும்."

என்ஜின் ஓட ஓட, சூட்டிலேயே கம்பியை உருவினாள். கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது எண்ணெய்.

"திங்கக்கிழமை என் கையால அளந்து விட்டேன். இப்ப கூடியிருக்குது." கம்பியைத் துடைத்தாள். "எண்ணெய் குட்டி போடாதுண்ணே."

என் முகத்தைப் பார்த்தாள். நான் கியர்பெட்டியைப் பார்த்தேன். அதிகமான எண்ணெயை வடித்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தாள், கழுவினாள், வண்டியைச் சம்பந்திக்கு விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை இருட்டில் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். சாவியில் வெள்ளையாக என்னமோ ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன். அக்கா சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்திருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கம்பியை உருவினால் அது ஒரு விரல் குறைவாகக் காட்டுகிறது! என் கண்ணை நம்புவதா, அவள் சொன்னதை நம்புவதா? இன்றைக்குக் குழு வருகிறது. எண்ணெய் இல்லாமல் கியர்பெட்டி எரிந்தே போனால்? கால் லிட்டர்தான் ஊற்றினேன்.

பத்து மணிக்கு உள்ளே நுழைந்தபோது அக்கா குழியருகில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"கையைக் காட்டுங்கண்ணே."

காட்டினேன். "அப்படியே திருப்புங்க." திருப்பினேன். நீலச் சட்டையின் கை மடிப்பு முழுக்க, முழங்கை வரை, வெள்ளை வெள்ளையாகப் பவுடர். அளவுக்கம்பிக் குழாயின் கழுத்தில் பூசி வைத்திருக்கிறாள். கம்பியை உருவி எண்ணெய் ஊற்றுகிறவன் தவிர வேறு யாருடைய கையும் அங்கே போகாது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களை மட்டும்னு நினைச்சுக்காதீங்க. நேத்து சாயங்காலம் சம்பந்தி இறங்கும்போது நின்னு பார்த்தேன். அவருக்கு மீசை வரைக்கும் வெள்ளை."

"அவருமா?"

"அவருமேதான். நீங்க காலையில அரை, அவரு மதியம் அரை. நீங்க ஊத்தினது அவருக்குத் தெரியாது, அவரு ஊத்தினது உங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தானே!" முதல் முறையாக அவள் குரல் உயர்ந்தது. "நாலு நாளு நான் படி ஏறி இறங்கினேனே, ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா? என் வீட்டுல உக்காந்து சத்தியம் பண்ணீங்களே!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "கம்பி குறைவாக் காட்டுச்சு அக்கா."

"ஆறிப்போன எண்ணெய் குறைவாத்தான் காட்டும். என்ஜின் எண்ணெய்தான் காலையில ஆறின பிறகு பார்க்கிறது. இதைச் சூட்டுல பார்க்கணும். கம்பியில ஆறினதுக்கு ஒரு கோடு, சூட்டுக்கு ஒரு கோடு உண்டு. இந்தக் கம்பியில கீழ்க்கோடு தேய்ஞ்சே போச்சு. நீங்க ரெண்டு பேரும் ஹோஸ் சொட்டைப் பார்த்துப் பயந்து, ஆறின எண்ணெயைச் சூட்டுக் கோட்டுக்கு நிரப்பிக்கிட்டே இருந்திருக்கீங்க. மிச்சம் ஓட ஓட வழிஞ்சுடுது, ஆறினா கம்பி மறுபடி குறைவாக் காட்டுது."

அதிகப்படி எண்ணெயை வடித்தாள். துடைத்தாள். இருபது நிமிடம் மேட்டில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினோம். குனிந்து பார்த்தால் அடிவயிறு முழுக்க வெள்ளை, ஒரு சிவப்பு இல்லை. கசிவு நின்றுவிட்டது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஹோஸ் கசிஞ்சுது, மாத்தியாச்சுன்னு மட்டும் எழுதேன். அது பொய் இல்லையே? மத்தது எதுக்கு? உன் காலைப் பிடிச்சுக்கிறேன்."

"முழங்காலு ஏற்கெனவே போச்சு, பிடிக்காதீங்க." நிமிரவில்லை. "பாதி எழுதினா, நாளைக்கு இன்னொரு வண்டியில இன்னொருத்தரு ஊத்துவாரு. நான் பார்த்ததை எழுதுவேன்."

பதினொரு மணிக்கு மூன்று பேர் கொண்ட குழு வந்தது. கூடவே மெமோ சார். சம்பந்தியையும் வரச் சொல்லியிருந்தார்கள், அவர் வாசல் பக்கம் தூணோரமாக நின்றார். பெரியவர் ஒருவர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அக்கா எடுத்த படங்களைப் பார்த்தார். பிறகு அறிக்கையை உரக்கப் படித்தார். தட்டில் சேதம் எதுவும் இல்லை. ஹோஸில் ஒரு கசிவு, மாற்றப்பட்டது. பெருங்கசிவுக்குக் காரணம், ஆறிய நிலையில் அளவு பார்த்து அதிகமாக எண்ணெய் ஊற்றியது. என் பேர் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பேர் இல்லை. அதற்குப் பதிலாகக் கடைசியில் ஒரு வரி.

"வண்டி வந்த நாளில், சூட்டில் அளவு பார்க்கும் முறையை ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டது. அதை முடிக்காமல் விட்டது என் தவறு."

எனக்குச் சுருக்கென்று குத்தியது. அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்று வருடம் முன்னால் இதே இடத்தில், இதே கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த வண்டிக்கு மட்டும் வேற மாதிரி பார்க்கணும், ரெண்டு நிமிஷம் வாங்க" என்று கூப்பிட்டாள். "வண்டி கழுவினவ எனக்கு எண்ணெய் பார்க்கச் சொல்லித் தர்றியா?" என்று நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன். சம்பந்தி பக்கத்தில் நின்று சிரித்தார், அப்போது நாங்கள் சிநேகிதர்கள். அவள் கம்பியைத் துடைத்து உள்ளே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த நாளைத்தான் தன் தவறு என்று எழுதியிருக்கிறாள்.

"யாரு ஊத்தினது?" என்று பெரியவர் கேட்டார்.

அக்கா பேனாவை மூடிப் பையில் செருகினாள். மெமோ சார் என்னைப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்து மறுபடி சொன்னேன். "நான்தான் ஊத்தினேன். ஒன்றரை மாசமா ஊத்தினேன். அந்தக் கடைசி வரி தப்பு சார். அவங்க சொல்லித்தர வந்தாங்க. நான்தான் மட்டம் தட்டி அனுப்பினேன். கேட்டுல போடுறதுன்னா என்னைப் போடுங்க. அவங்க பேருல எதையும் எழுதாதீங்க."

தூணோரத்திலிருந்து செருப்புச் சத்தம் வந்தது.

"நானும்தான் ஊத்தினேன் சார்" என்றார் சம்பந்தி. என் பக்கத்தில் வந்து நின்றார். "பழி வந்துடுமோன்னு பயந்து மறைச்சேன். அவரை மட்டும் சொல்லாதீங்க. அன்னைக்கு அவங்களைப் பார்த்துச் சிரிச்சது நானு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் கல்லில் ஏற்றியதாகச் சொன்ன மெமோவை ரத்து செய்தார்கள். மறைத்ததற்கு இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு எழுத்து எச்சரிக்கை. முப்பது வருடத்தில் என் பெயரில் விழுந்த முதல் கீறல் அது. நியாயமான கீறல், வாங்கிக்கொண்டேன். ஸ்டியரிங் என் கையிலேயே இருக்கிறது.

ஆனால் அக்கா விடுவாளா? மறுநாளே ஒரு விதி போட்டு மெமோ சாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள். மதியம் மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும்போது, இறங்குகிற ஓட்டுநரும் ஏறுகிற ஓட்டுநரும் சேர்ந்து வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றி, என்ஜின் ஓடும்போதே இரண்டு பேரும் கம்பியைப் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்காக நான் பத்து மணிக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பவும் மூன்று மணிக்கு வர வேண்டும். "என்னக்கா இது, கொடுமை" என்றேன். "முழங்கால் வலிக்குதுண்ணே, இனிமே நாலு நாளு குழியில இறங்க முடியாது" என்றாள்.

முதல் நாள் நானும் சம்பந்தியும் வண்டிக்குள் அக்கம்பக்கமாக உட்கார்ந்து மேட்டை ஏறி இறங்கினோம். ஒரு பேச்சு இல்லை. திரும்பி வந்து நிறுத்தி, நான் கம்பியை உருவினேன், அவர் டார்ச் அடித்தார்.

"சரியா இருக்கு" என்றேன்.

"ம்" என்றார். டார்ச்சை அணைக்கவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைங்களை நான் தூண்டிவிடல, சம்பந்தி."

"நானும் விரட்டல" என்றேன்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தேன். தூரத்தில் அக்கா, ஒரு லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "பார்த்தாச்சுன்னா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க, டீசல் வீணாகுது!" என்று கத்தினாள்.

"நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வர்றேன்" என்றார் சம்பந்தி. சரி என்றேன்.